இரு நிறக் கடற்பாசி

புணே நகரின் வாகட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், ஓவன் இல்லாமலே ஓர் அடுக்கு இனிப்பு ஆயத்தமாகிறது. அம்மா 10 கிராம் கடற்பாசி இழைகளை அரை மணி நேரம் ஊறவைக்கிறார். அவற்றை இரண்டு கோப்பை நீரில் முற்றும் கரையும்வரை கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து வடிகட்டி, இரு பங்காக்குகிறார். ஒரு பங்கில் ஒரு கோப்பைச் சூடான பாலைக் கலந்து தட்டில் ஊற்றுகிறார். மறுபங்கு உறையாதபடி இளஞ்சூட்டில் இருக்கிறது.

மகள் நீலகிரிப் பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் இட முற்படுகிறாள். “பொறு, கசந்துவிடும். கொதி அடங்கட்டும்” என்கிறார் அம்மா. இரண்டு நிமிடம் ஊறியபின் வடித்த ஒரு கோப்பைத் தேநீர் மறுபங்குடன் சேர்கிறது.

பால் அடுக்கு உறைந்து, மேற்பரப்பு சற்றே ஒட்டும் வேளையில் தேநீர்க் கலவையை மெல்ல ஊற்றவேண்டும். முந்தினால் இரண்டும் கலந்துவிடும். பிந்தினால் அடுக்குகள் பிரிந்துவிடும்.

“கடற்பாசியை யார் எடுக்கிறார்கள், அம்மா?”

“நம் இராமநாதபுரக் கடலில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுக்கிறார்கள். பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். பாசி மீண்டும் வளரவேண்டும் என்பதற்காக மாதத்தில் சில நாள்களே கடலில் இறங்குவார்கள்.”

அப்பெண்களை ஒருங்கிணைத்த, பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டு சீகாலஜி விருது கிடைத்தது.

மகள் தட்டில் ஒட்டியிருந்த சிறு துணுக்கையும் வழித்து உண்கிறாள்.

வினாக்கள்
1. தேயிலையைக் கொதிநீரில் இடலாகாது. ஏன்?
2. பாசி எடுக்கும் பெண்கள் நாள்களை வரையறுத்துக்கொள்வது எதற்காக?