சொல்லத் தயங்கும் தொல்லை

ரயில்வேயில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பெண்களின் சிறுநீர்த் தொல்லையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சகோதரிகள் சிலர் நினைக்கலாம். ஊருக்குப் போக 30 மணி நேரத்துக்கு மேல் ரயிலில் இருக்க வேண்டியவர்கள் நாம். பயணத்துக்கு முதல் நாளே என் மனைவி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாள். இருமினால் கசிந்துவிடுமோ என்ற பயம். இப்படிப் பயந்து, கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதையே விட்டவர்கள் பலர் உண்டு. மருத்துவர் எங்களுக்கு விளக்கியதையும், பிறகு நான் படித்தறிந்ததையும் இங்கே தருகிறேன்.

தாங்கும் தூளி

இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் இவை தாங்குகின்றன. சிறுநீர்க் குழாய் இறுக மூடவும் உதவுகின்றன. பிரசவத்தில் இவை மிகவும் இழுபடுகின்றன. உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வயது ஆகியவையும் இவற்றைத் தளர்த்தும்.

இரண்டு வகை

இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது ஆகியவற்றின்போது கசிவது ஒரு வகை. திடீரென அவசரம் வந்து, குளியலறையை அடைவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. முதல் வகைக்குத் தசைப் பயிற்சியே முதல் வைத்தியம். இரண்டாவதற்கு, நேரம் வைத்துச் சிறுநீர் கழித்து இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பழக்கமும், தேவையானால் மருந்தும் உண்டு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஆராய்ச்சி சொல்வது

இத்தசைகளுக்கான பயிற்சியை 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் வெளியிட்டார். தசை எவ்வளவு இறுகுகிறது என்று காட்ட அழுத்தமானி ஒன்றையும் அமைத்தார். ஆனால் ஒரு மருத்துவரின் அனுபவம் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? நார்வேயில் காரி பூ என்ற ஆய்வாளரின் குழு அதைச் செய்து 1999-ல் வெளியிட்டது. முதல் வகைக் கசிவு உள்ள 107 பெண்களைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குத் தசைப் பயிற்சி. மற்ற இரண்டுக்கு மின்தூண்டலும் உள்ளே வைக்கும் எடைக் கூம்பும். நான்காவதற்குச் சிகிச்சை இல்லை. ஆறு மாதத்தில் பயிற்சி செய்தவர்களே மற்றவர்களைவிட நன்றாகத் தேறினர்.

2009-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பருமனான 338 பெண்கள் பங்கேற்றனர். உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் ஆறு மாதத்தில் எடையில் 8 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 28 சதவீதமே குறைந்தது.

செய்யும் முறை

வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே, மேலே இழுங்கள். 5, 6 விநாடி பிடித்து, அதே நேரம் தளர விடுங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 12 முறை; தினம் மூன்று வேளை. மூச்சை அடக்கவோ, வயிறு, தொடைகளை இறுக்கவோ கூடாது. பலர் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள், அது கெடுதல். ஆகவே முதல் பாடத்தைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்பது நல்லது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். பத்து நாளில் விட்டுவிடாதீர்கள்.

தண்ணீரைக் குறைப்பது வைத்தியம் அல்ல. சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும், மலச்சிக்கலும் கூடும். காப்பியை வேண்டுமானால் ஒரு டம்ளர் குறைத்துக்கொள்ளலாம்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சலுடன் காய்ச்சல், அடியில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். “பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். சகஜம்தான்; ஆனால் சகித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்றல்ல.