நாங்கூழ்ப் புழுவும் கரிசல் நிலமும்

மண்புழுவை உழவரின் தோழன் என்று நாம் போற்றுகிறோம். அதற்கு நாங்கூழ் என்னும் பெயரும் தமிழில் உண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழின் ஓயாத உழைப்பை வியந்து பேசுகிறது. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1881இல், சார்லசு டார்வின் மண்புழுவைப் பற்றித் தனி நூலே எழுதினார். புலவரும் அறிவியலாரும் கண்ட உண்மை ஒன்றே: இப்புழு மண்ணை உண்டு மண்ணுக்கே வளம் தருகிறது.

மண்ணை உண்ணும் உயிர், மண்ணில் கலந்த நஞ்சையும் உண்ணுமன்றோ? விருதுநகர் மாவட்டத்தார்க்கு இவ்வினா அயலானதன்று. சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு ஆலைகளும் மானாவாரிக் கரிசற் காடுகளும் அருகருகே உள்ளன. வாணத்தின் பச்சை பேரியத்தாலும், சிவப்பு ஸ்ட்ரான்சியத்தாலும், நீலம் செம்பாலும் தோன்றுவன. பட்டாசில் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றை 2017 ஜூலையிலும், பேரியம் உப்புகளை 2018 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. காற்றின் தூய்மை கருதி எழுந்த ஆணைகள் இவை. ஆயினும் காற்றில் எழுந்த உலோகத் துகளும் ஈற்றில் மண்ணிலேயே படிகிறது.

இலைதழை மட்கும், உலோகம் மட்காது. களித்தன்மை மிக்க கரிசல் மண் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். மண்புழுவோ குடல் வழியாகவும் ஈரத்தோல் வழியாகவும் அதனை ஏற்கிறது. காட்மியம் போன்றவற்றை மெட்டலோதயோனின் என்னும் புரதத்தால் பிணைத்து, குடலைச் சூழ்ந்த திசுவில் சேர்த்து வைக்கிறது. ஆதலின் புழு உடனே மடிவதில்லை. அதனைத் தின்னும் கோழிக்கும் மைனாவுக்கும் அந்நஞ்சு செல்கிறது. புழு உயிரோடிருப்பதால் மண் தூயது என்று நாம் துணிதல் கூடாது. உலோகம் கலந்த கழிவைப் புழு உரமாக்கினாலும் உலோகம் அழியாது. கழிவு மட்கிக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடவுங்கூடும்.

மாணவர் எளிதில் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒரு பெட்டியைத் தடுப்பால் இரண்டாக்கி, ஒருபுறம் தூய மண்ணும், மறுபுறம் ஐயத்துக்குரிய மண்ணும் இட வேண்டும். இரண்டும் ஒரே வகை மண்ணாய், ஒரே ஈரமுடையனவாய் இருத்தல் வேண்டும். தடுப்பை எடுத்து, நடுக்கோட்டில் 10 புழுக்களை விட்டு, 48 மணி நேரம் கழித்து மீண்டும் தடுப்பிட்டு எண்ண வேண்டும். மீண்டும் மீண்டும் செய்தும் எட்டுக்கு மேற்பட்டவை தூய மண்ணையே நாடினால், மற்ற மண்ணை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புதல் தகும்.

பட்டாசுத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்கிறது. நிலமும் அக்குடும்பங்களுக்கு உணவளிப்பதே. மருந்துக் கழிவை வயலோரத்தில் கொட்டாமலும் எரிக்காமலும் காத்தல் இரண்டுக்கும் நாம் செய்யும் நன்றியாகும்.