கணினி ஏலத்தில் வாங்குவோரின் உரிமைகள்

நம் வியாபாரிகளுக்கு ஏலம் புதிய விஷயமன்று. "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்ற கூவலுக்கிடையே சரக்கைக் கையால் புரட்டிப் பார்த்துக் கேள்வி வைத்துப் பழகியவர்களின் மக்கள் நாம். இப்பொழுது அந்த ஏலக்களம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. சரக்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. நம் முன் இருப்பவை ஒரு படமும் நாலு வரி வர்ணனையுமே. இத்தகைய வியாபாரத்தில் வாங்குகிறவருக்குச் சட்டம் எங்கே துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம். சிங்கப்பூர்ச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலில் என் அனுபவம். கடைக்காக நோட்டு எண்ணும் இயந்திரம் ஒன்றை இணைய ஏலத்தில் 380 வெள்ளிக்கு எடுத்தேன். விற்றவர் வெளிநாட்டார். "நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருந்தார். பெட்டி வந்த சமயம் பெருநாள் வியாபார நெருக்கடி. பிரிக்காமல் மூலையில் வைத்துவிட்டேன். 41-ஆம் நாள் பிரித்து மின்சாரம் கொடுத்தால், அசையவில்லை. அந்த ஏலத்தளத்தின் பணம் திருப்பும் உத்தரவாதத்துக்கு 30 நாளே கெடு. விபரமறிந்த ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்கா, கடைக்கா?" என்பது. கடைக்கு என்றேன். "அப்படியானால் நீர் பயனீட்டாளர் அல்லர்" என்றார். நாலெழுத்துப் படித்த எனக்கு அன்றுதான் இந்தப் பாகுபாடு விளங்கியது.

1. வாங்குபவர் யார்?

2003-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம் 2004 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பொய் கூறியோ, வாங்குபவரை ஏமாற்றியோ விற்பதற்கு எதிராக இது பாதுகாப்பளிக்கிறது. ஆனால் முழுக்க முழுக்கத் தொழிலுக்காக வாங்குபவர் இதில் சேரமாட்டார். வீட்டுக்கு விசிறி வாங்கினால் நாம் பயனீட்டாளர்; அதே விசிறியைக் கடைச் சரக்காக 20 எடுத்தால் வியாபாரி. அப்போது நமக்குத் துணை சரக்கு விற்பனைச் சட்டம் மட்டுமே.

2. விற்பவர் யார்?

வர்ணனைப்படியே பொருள் இருக்க வேண்டும் என்பது விற்பவர் எவராயினும் பொருந்தும். திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியோ, தொழிலாக விற்பவருக்கு மட்டுமே உரியது. தம் வீட்டுப் பழைய சாமானை விற்பவரிடம் தரத்தைப் பற்றி வழக்காட இயலாது. அவர் எழுதிய வர்ணனையைக் கொண்டே வழக்காடலாம். ஆகவே வர்ணனையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

3. ஏலம் என்பதால் வரும் குறை

பலரும் அறியாத இடம் இதுவே. பொருளில் 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், ஒப்படைத்த நாளிலேயே அப்பழுது இருந்ததாகக் கொள்ளும் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. ஆனால் அது "பயனீட்டாளர்" என்பதற்கு நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின் வரையறையைக் கைக்கொள்கிறது. அந்த வரையறையோ, ஏலத்தில் வாங்குபவர் எந்நிலையிலும் பயனீட்டாளர் ஆகார் என்கிறது. மேலும், ஏலத்தில் விற்பவர் "உள்ளது உள்ளபடி" என்று நிபந்தனை போட்டால், அது நியாயமானதாக இருக்கும்பட்சத்தில் செல்லும்.

சுத்தியல் இல்லாமல், கடிகாரம் பார்த்து முடியும் விற்பனை ஏலந்தானா என்று கேட்கலாம். ஜெர்மனியில் நகை வியாபாரி ஒருவர் வைரக் கைச்சங்கிலியை ஈபேயில் 1 யூரோவில் தொடங்கி ஏலம் விட்டார். 252.51 யூரோவுக்குக் கேட்டவர் பின்னர் வேண்டாமென்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தூர விற்பனைச் சட்டம் விலக்களித்த ஏலம் இதுவன்று, வாங்கியவர் திருப்பிவிடலாம் என்று 2004 நவம்பரில் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு நம் மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே வீட்டுக்கு வாங்கும் பொருள் அதே தளத்தில் நிலையான விலைக்கும் கிடைக்குமானால், சற்றுக் கூடுதலாயினும் அப்படி வாங்குவதே உத்தமம்.

4. கள்ளக் கேள்வி

விற்பவர் தமக்கும் கேட்கும் உரிமை உண்டென்று முன்கூட்டி அறிவியாமல், தாமோ தம் ஆளோ கேள்வி வைத்து விலையேற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கொள்ளலாம் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம். நம் மார்க்கத்தில் இதை "நஜ்ஷ்" என்பர். அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நாயகம் (ஸல்) அவர்களே ஏலத்தில் விற்றுக் கொடுத்த செய்தி ஹதீஸில் உண்டு. நஜ்ஷைத் தடுத்தவர்களும் அவர்களே. ஏலம் கூடும், கள்ளக் கேள்வி கூடாது.

5. எங்கே முறையிடுவது?

முதலில் ஏலத்தளத்தில், கெடுவுக்குள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடமும் உடனே ஆட்சேபம் எழுப்பலாம். விற்றவர் சிங்கப்பூரில் இருந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் உண்டு. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வரை, 2 ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். வக்கீல் கிடையாது. கடைக்காக வாங்கியவரும் அங்கே போகலாம். பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கிடைக்கும். விற்றவர் வெளிநாட்டாராயின், இங்கே உத்தரவு பெற்றாலும் அங்கே பணம் வசூலிப்பது எளிதன்று. என் இயந்திரத்தின் கதை அங்கேதான் முடிந்தது.

ஆகவே சகோதரர்களே, கேள்வி வைக்குமுன் விற்பவர் யார், எந்த ஊர், திருப்பும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். பெட்டி வந்த அன்றே பிரித்து ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று: நம்மில் சிலர் இந்த ஏலங்களில் விற்பவர்களாகவும் இருக்கிறோம். தேங்கிய சரக்கைப் படமெடுத்துப் போடும்போது அதன் குறையையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். என் கடை மூலையில் இருக்கும் இயந்திரம் போல் ஒன்று, நம் பெயரால் இன்னொருவர் கடை மூலையில் கிடக்க வேண்டாம்.