விசேஷம் ஒன்றுமில்லை

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கதையை இரண்டு தடவை படித்தேன். ஷூ கம்பெனி வேன், தையல் மெஷின் வரிசை, துப்பட்டாவில் ஏறிய தோல் வாடை எல்லாம் நீ தினமும் உட்கார்ந்து எழும் இடம். அதில் பொய் இல்லை. உன் கதாநாயகி வீட்டுக்கு வந்த பிறகுதான் பொய் தொடங்குகிறது. பதினோரு பக்கத்தில் ஒன்பது தடவை அழுகிறாள். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

"ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குப் பத்தொன்பது வருஷம் பதில் சொன்னவள் நான். வளையல் தட்டு என்னைத் தாண்டிப் போன வளைகாப்பு வீட்டில், கொல்லைப்புறத்தில் நின்று அழுதிருக்கிறேன். அதே வருஷங்களில்தான் நானும் அவரும் மாதாமாதம் ஆம்பூரிலிருந்து பாசஞ்சரில் வேலூருக்கு வைத்தியத்துக்குப் போனோம். குடியாத்தம் தாண்டியதும் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஒருநாள் லத்தேரியில் வண்டி நின்றுவிட, எதிர் சீட்டுப் பாட்டியோடு சேர்ந்து மாலைவரை சீட்டாடினோம். பாட்டி ஏமாற்றி ஜெயித்தாள். அன்று போட்ட ஊசி எதற்கென்று மறந்துபோச்சு. பாட்டியின் சிரிப்பு மறக்கவில்லை.

வறண்ட பாலாற்றை அவள் வயிற்றுக்கு உவமை சொல்லியிருக்கிறாயே, அந்த வரியை அடித்துவிடு. ஆற்றைக் கெடுத்தது மணல் அள்ளியவர்களும் தோல் கழிவை விட்டவர்களும். வேலூர்க்காரர்கள் வழக்குப் போட்டு, மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆற்றுக்குக்கூடக் காரணம் விசாரித்தார்கள். உன் கதையில் அவளுக்கு நான்கு ஸ்கேன், அவனுக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட இல்லை! எங்கள் வீட்டிலும் ஆறாவது வருஷம்தான் அவரைக் கேட்டார்கள். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சிக்கல் வருகிறதென்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. அப்படியென்றால் அந்த வேனில் அவள் ஒருத்தி மட்டுமா?

ஆறு நிரம்பியதையும் பார்த்தோமே. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது நானும் ஊரோடு போய் நின்றேன். அன்றைக்கு ஒருவர்கூட என்னிடம் விசேஷம் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் தண்ணீரில்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' படி. 2010-இல் வந்தது. அதைச் சுற்றி எழுந்த சண்டையை மறந்துவிட்டு, காளி நட்ட பூவரசையும் அவனுடைய தொண்டுப்பட்டியையும் பார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாத காளிக்கும் பொன்னாவுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு எவ்வளவு ஆசை! அந்த ஆசையால்தான் அவர்களுடைய வலி நமக்கு உறைக்கிறது.

கடைசியில் அவளுக்கு வாந்தி வருகிறது. சினிமாக்காரர்கள் போதாதென்று நீயுமா? அவள் மாத்திரை சாப்பிடட்டும், செவ்வாய்க்கிழமை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கட்டும், ஆசைப்படட்டும். ரிசல்ட்டை மட்டும் நீ சொல்லாதே. அதற்கு முந்தின சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறாளே, அந்தப் பணத்தில் தனக்கென்று என்ன வாங்குவாள்? அதை எழுது.

ஞாயிற்றுக்கிழமை கதையோடு வா. பிரியாணிக்கு அவர் அரிசி வடிப்பார், கத்திரிக்காய் என் பொறுப்பு.

அக்கா
ஆம்பூர்