மூன்றாம் நாள் கப்பலில் இருக்காதீர்கள்

நம்பிக்கை: "மறுநாளே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. இனி லாட்ஜ் வாடகை எதற்கு? அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடலாம்."

உண்மை: பாராதைராய்டு அறுவைக்காக அந்தமானிலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் முதலில் விடவேண்டியது இந்த எண்ணத்தைத்தான். தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் பெரும்பாலும் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியத்தை அளவோடு வைத்திருப்பது அவற்றின் வேலை. ஒன்றில் கட்டி வந்து ஹார்மோன் மிகுந்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு ரத்தத்தில் ஏறும். கட்டியை எடுத்த சில நிமிடங்களில் ஹார்மோன் சரிந்துவிடும். அதுவரை வேலையில்லாமல் சும்மா கிடந்த மற்ற மூன்றும் உடனே சுதாரிக்காது. பறிகொடுத்த எலும்போ கால்சியத்தை வாரி இழுத்துக்கொள்ளும். ஆகவே ரத்தக் கால்சியம் மிகவும் இறங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் ஓடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கால்சியம் இறங்கினால் முதலில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பிறகு விரல் நுனி மரத்துப்போகும், கை இழுத்துக்கொள்ளும். முற்றினால் வலிப்பு வரும், கால்சியத்தை நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கும். நடுக்கடலில் அதற்கு எங்கே போவது? டாக்டர் சொன்ன நாளில் மறுபடி ரத்தம் பார்த்து, அவர் சரி என்ற பிறகு டிக்கெட் எடுங்கள். விமானத்துக்கும் இதே விதிதான். நிக்கோபாரின் கேம்ப்பெல் பேவுக்குப் போகிறவர்களுக்குப் போர்ட் பிளேரில் இறங்கிய பிறகும் கப்பல் பயணம் பாக்கியிருக்கும். டாக்டர் தந்த கால்சியம் மாத்திரை அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: "கால்சியம் கூடியிருக்கிறது. பால், தயிர், நெத்திலி எல்லாவற்றையும் நிறுத்து."

உண்மை: தவறு சாப்பாட்டில் இல்லை, சுரப்பியில். உணவில் கால்சியத்தைக் கடுமையாகக் குறைத்தால் ஹார்மோன் இன்னும் கூடக்கூடும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை வழக்கமான சாப்பாடே போதும். சொந்தமாகக் கால்சியம் மாத்திரை மட்டும் கூடாது. அறுவைக்கு முன் பயப்பட வேண்டியது உடலில் நீர் வற்றுவதற்கு. போகும்போது கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்து, தண்ணீரும் இறங்காமல் கிடந்தால் கால்சியம் மேலும் ஏறும். முடிந்தவர்கள் விமானத்தில் போவது நல்லது.

நம்பிக்கை: "தீவில் வெயிலுக்கா பஞ்சம்? நமக்கு வைட்டமின் டி குறையாது."

உண்மை: வெயில் கொளுத்தும் இந்தியாவெங்கும் இந்தக் குறைபாடு சர்வசாதாரணம். குறைவோடு அறுவைக்குப் போனால் பிறகு கால்சியம் இன்னும் ஆழமாக இறங்கலாம். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கிறார்கள். அதற்காக மருந்துக்கடையில் 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். அளவு டாக்டர் கையில்.

நம்பிக்கை: "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, அப்படியானால் நோய் இல்லை."

உண்மை: நோயைச் சொல்வது ரத்தம்தான்: கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சேர்ந்து. கட்டி எங்கே என்று தேடுவது மட்டுமே ஸ்கேனின் வேலை. கட்டி கண்ணில் படாவிட்டாலும் நோய் இருக்கலாம்: அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெலுக்கு இந்த நோயால் எலும்பு உருகி உயரமே குறைந்துபோனது. கழுத்தில் திரும்பத் திரும்பத் தேடியும் கிடைக்காத கட்டி, 1932-இல் பாஸ்டனில் செய்த ஏழாவது அறுவையில் நெஞ்சுக்கூட்டுக்குள் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு கால்சியம் இறங்கிக் கைகால் இழுத்தது. சிறுநீரகக் கல் தொல்லையும் சேர்ந்து, சில வாரங்களில் இறந்துபோனார். இன்று ஸ்கேன்கள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் இந்த அறுவையில் நிறையப் பழகிய கை முக்கியம். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறைகள் உள்ளன.

நம்பிக்கை: "கழுத்தில் கத்தி வைத்தால் குரல் போய்விடும், ஆயுள் முழுக்க மாத்திரை."

உண்மை: சில நாள் கரகரப்பு இருக்கலாம். குரல் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது அரிது. ஒரு சுரப்பியை மட்டும் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கால்சியம் மாத்திரை சில வாரங்களில் குறைந்து நின்றுவிடும். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடவேண்டும். குணமானதா என்பதை ஆறாவது மாதக் கால்சியம் சொல்லும். அதற்கு மறுபடி மெயின்லேண்ட் போகவேண்டாம். போர்ட் பிளேரிலேயே ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை அறுவை செய்த டாக்டருக்கு அனுப்பிவிடலாம்.