முட்டி வலிக்குத் தொடைதான் துணை

முட்டித் தேய்மானம் எனக்கு வந்து வருஷங்களாகிறது. வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. புதுச்சேரி மூலக்குளத்தில் என் வயதுப் பெண்கள் பலருக்கும் இதே பாடு என்பதால், மாத்திரையில்லாமல் சமாளிக்கும் விதத்தை எழுதுகிறேன்.

முதலில் எந்த வலி என்று தெரிந்துகொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கை விரல் கணுக்களிலும் வீக்கம் என்றால் முடக்கு வாதமாக இருக்கலாம். அதை மருந்தில்லாமல் விட்டால் மூட்டே கோணிப்போகும். மூட்டு திடீரென்று சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். நான் சொல்வது தேய்மானத்துக்கு மட்டும்.

வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்தால் தொடைச் சதை வற்றி, பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நேரே நீட்டுவேன். செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பலன் தெரியப் பல வாரம் ஆகும், விட்டுவிடாதீர்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இரவுச் சோற்றைக் குறைக்க எனக்கு அந்தக் கணக்கே போதும்.

பயிற்சிக்கு முன்னால் ஒத்தடம். கல் உப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, நொச்சி இலையோடு பழைய வேட்டித் துணியில் முடிந்து, புறங்கையில் சூடு பார்த்துவிட்டு ஒற்றுவேன். சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்கள் இதைச் செய்யவே கூடாது, கொப்பளித்தாலும் தெரியாது.

வேலியில் படரும் முடக்கத்தானை அரைத்துத் தோசை மாவில் கலப்பேன். பச்சையாக இருக்கும்போது அடிக்கும் நெடி கல்லில் வெந்ததும் அடங்கிவிடும். வலியைத் தீர்க்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் நல்ல கீரை.

நடக்கக் கடற்கரைச் சாலைதான் வசதி. மாலையில் வண்டிகளை விடுவதில்லை, தரையும் சமம். படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கிற காலையும் முதலில் வையுங்கள்.

ஒரே வாரத்தில் வலி பறக்கும் என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் பொடியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. வலி நிற்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். சித்த மருந்து வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமே போங்கள்.