ஐப்பசிப் பண்டிகைக்குச் சித்திரையில் தொடங்குங்கள்

புதுக் குடித்தனம் போட்ட பிள்ளைகள் தீபாவளி நெருங்கும்போது கேட்பது ஒரே கேள்விதான்: கையில் காசு இல்லை, சொந்தக்காரர்களுக்கும் கூட்டாளிகளுக்கும் எதைக் கொடுப்பது? கேள்வி சரி, கேட்கிற மாதம்தான் தப்பு.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மானாவாரி பூமி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி விழுவது. புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கிற ஊரில், தீபாவளி வரும்போது விதைக்கும் உழவுக்கும் காசு போய் மடி காலியாக இருக்கும். பொங்கலுக்குத்தான் வீட்டில் தானியத்தின் வாசனை வரும். ஆகவே தீபாவளிப் பரிசைக் கோடையிலேயே செய்து வைக்க வேண்டும். பொங்கல் பரிசைப் புது வெள்ளாமையிலிருந்து எடுக்க வேண்டும். நமக்கு இனாமாகக் கிடைப்பவை வெயிலும் நாட்களும். அவற்றை வைத்துச் செய்கிற பண்டம்தான் மலிவு. கடைசி வாரத்தில் சரக்கு வாங்கிச் செய்கிற எதுவும் மலிவாக முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

1. முதலில் பெயர், பிறகு பண்டம்

பங்குனி மாதமே ஒரு நோட்டில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். பக்கத்தில் அவரவர் நிலைமையை எழுதுங்கள்: சர்க்கரை வியாதி, பல் இல்லை, ஹாஸ்டல் பிள்ளை, திருப்பூரில் ஒற்றை அறையில் இருக்கிறான் என்று. பல் இல்லாத அத்தைக்குக் கடலை உருண்டை கொடுப்பது அவரை வாய் பார்க்கவிட்டு நாம் தின்பதற்குச் சமம். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கருப்பட்டி ஆகும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், அதுவும் சர்க்கரைதான். அப்படிப்பட்டவருக்கு வத்தலோ பயறோ போகட்டும்.

பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பண்டம் மூன்று வகைக்கு மேல் போகக் கூடாது. பத்து வகை செய்யக் கிளம்புகிறவர்கள் பத்தையும் அரைகுறையாக விடுகிறார்கள்.

2. சித்திரை வெயிலை வீணாக்காதீர்கள்

கத்தரி வெயிலைத் திட்டிக்கொண்டு உள்ளே உட்காராமல் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரியுங்கள். கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, மூன்று நான்கு நாள் காயவிட்டால் வத்தல். ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மோர் மிளகாய்க்குக் காயைக் கீறி உப்பிட்ட மோரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை இது நடக்கும். மிதுக்கங்காய் கிடைத்தால் விடாதீர்கள். கரிசல்காட்டுப் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த வத்தலைத்தான் கேட்பார்கள்.

ஒரு கிலோ காய் வத்தலாகும்போது நூறு, நூற்றைம்பது கிராம்தான் நிற்கும். அதனால் சந்தையில் காய் அடிமாட்டு விலைக்குப் போகிற நாளாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு நூறு கிராம் போதும். வத்தலை யாரும் அள்ளித் தின்பதில்லை. மாதக் கணக்கில் தொட்டுக்கொள்வார்கள்.

3. அதலைக்காயைப் பெரிய பரிசாக நினையுங்கள்

மழை விழுந்ததும் கரிசல் புஞ்சையில் தானாகக் கொடி ஓடிக் காய்ப்பது அதலை. பாகற்காய்க்குச் சொந்தம்; கசப்பும் அப்படியே. யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து வருடா வருடம் துளிர்க்கிறது. புஞ்சைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறியுங்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள்.

பறித்த காய் ஓரிரு நாளில் வெடித்துவிடும். ஆகவே பக்கத்து ஊருக்குப் பச்சைக் காயாகக் கொடுங்கள், தூர ஊருக்கு வத்தலாக்கி அனுப்புங்கள். அடைமழை மாதத்தில் வெயில் நம்பகமில்லை. மழை விட்ட நாளாகப் பார்த்துக் காயப்போட்டு, மேகம் கருத்தால் உள்ளே எடுத்துவிட வேண்டும். சென்னையில் எந்தக் கடையிலும் எளிதில் கிடைக்காத காய் இது. ஊரைவிட்டுப் போனவருக்கு இதன் மதிப்பு தெரியும். வெளியூர்க்காரருக்குக் கொடுத்தால் கசப்பு என்று ஒதுக்கிவிடலாம். ஆள் பார்த்துக் கொடுங்கள்.

4. கருப்பட்டியைப் பதநீர் ஓடும்போது வாங்குங்கள்

மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர் காலம். அந்த நாளில் பனையேறுகிறவர் வீட்டிலேயே வாங்கினால் விலையும் இறங்கும், சரக்கும் சுத்தமாக இருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் கேட்டால் சீனிப்பாகு கலந்த கருப்பட்டிதான் அகப்படும். உடைத்துப் பாருங்கள். உள்பக்கம் மங்கலான காப்பி நிறமாக இருந்தால் நல்லது. சீனி மினுமினுப்பாகத் தெரிந்தால் வேண்டாம். மழைக் காலத்தில் கருப்பட்டி வேர்த்து இளகும். காற்றுப் புகாத பானையிலோ, அடுப்புக்கு மேலே ஓலைப்பெட்டியிலோ வையுங்கள்.

இதிலிருந்து எளிதாகச் செய்யக்கூடிய பரிசு சுக்குமல்லிப் பொடி. மல்லி நம் பூமியிலேயே விளைவது. மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு இரண்டு கரண்டி, ஏலக்காய் நான்கைந்து. தனித்தனியாக லேசாக வறுத்து, ஆறவிட்டு இடிக்க வேண்டும். சூட்டோடு மூடினால் கட்டி பிடிக்கும். ஒரு சின்னப் புட்டியில் பொடி, கூடவே ஒரு கருப்பட்டி. மார்கழிக் குளிரில் இதைவிட உதவுகிற பரிசு கிடையாது.

5. உருண்டை பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எள்ளுருண்டைக்குக் கருப்பு எள் கால் கிலோ, கருப்பட்டி 200 கிராம். எள்ளை அலசி, கல் மண் போக அரித்துக் காயவைத்து, பொரிகிற சத்தம் அடங்கும்வரை வறுத்து, கருப்பட்டியோடு உரலில் இடியுங்கள். எண்ணெய் கசிந்து தானே பிடிபடும். நெய் ஊற்ற வேண்டியதில்லை. கருப்பட்டியில் மண் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கரைத்து வடிகட்டித் திரும்பவும் பாகாகக் காய்ச்சித்தான் சேர்க்க வேண்டும்.

கடலை உருண்டைக்கு வறுத்துத் தோல் போக்கிய கடலை அரைக் கிலோ, வெல்லம் 300 கிராம். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன் இறக்கினால் மறுநாளே நமுத்துவிடும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலும் முக்கியச் சரக்கு கடலையும் வெல்லமும்தான். சரக்கு குறைவாக இருக்கும் பண்டத்தில் பதம்தான் எல்லாம். முந்திரியைப் போட்டு மறைக்க முடியாது.

6. பொங்கலுக்குப் புதுத் தானியம்

புரட்டாசியில் விதைத்த குதிரைவாலி மூன்று மாதத்துக்குச் சற்று மேலே போனால் கைக்கு வரும். உளுந்தும் பாசிப்பயறும் அதை ஒட்டியே வரும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, நகரத்துக் கடைகளில் இதே குதிரைவாலி பளபளப்பான பாக்கெட்டில் கூடிய விலைக்கு உட்கார்ந்திருக்கிறது. நாம் ஒரு படி அளந்து கொடுத்தால் போதும். வாங்குகிறவருக்குச் சமைக்கத் தெரியாமல் இருக்கலாம். ‘ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஊறப்போட்டால் கொஞ்சம் குறைக்கவும்’ என்று சீட்டு எழுதி உள்ளே போடுங்கள்.

கம்பை மாவாக்கி அனுப்பாதீர்கள். அதில் கொழுப்பு அதிகம். அரைத்துச் சில நாளில் சிக்கு வாடை அடித்துக் கசக்கும். முழுக் கம்பாகக் கொடுங்கள். தீட்டிய குதிரைவாலியையும் வண்டு எட்டுவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

7. பையும் பெட்டியும் பரிசில் பாதி

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. நெசவு ஊரான அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு பளபளக்கும் காகிதத்துக்குக் காசு கொடுப்பது அழகில்லை. தறிக்காரர்களிடமும் தையல்காரர்களிடமும் கேட்டால் துண்டுத் துணி சல்லிசாகக் கிடைக்கும். ஓரம் மடித்து மூன்று பக்கம் தைத்துக் காது வைத்தால் பை. பண்டம் தீர்ந்த பிறகும் அவர் அதைக் கையில் பிடித்துக் கடைக்குப் போவார்.

ஓலைக் கொட்டான் இன்னும் மேல். குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, பின்னும் முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். முதல் கொட்டான் கோணலாகத்தான் வரும். ஊரில் பின்னத் தெரிந்த பாட்டி யாராவது இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. நம் வரப்பில் நிற்கும் பனையிலும் அதே குருத்துதான்.

8. பூ வாங்காதீர்கள், பதியன் போடுங்கள்

மார்கழி, தையில் பனிக்குப் பூப்பு குறைந்துவிடும். மதுரைச் சந்தையில் பொங்கலை ஒட்டி மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது வாடிக்கையாகிவிட்டது. அந்த நாளில் பந்து பூ வாங்கிக் கொடுத்தால் சாயங்காலம் வாடிவிடும். புரட்டாசியில் உங்கள் மல்லிகைச் செடியின் ஒரு கிளையைத் தாழ்த்தி, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து ஈரம் காயாமல் பாருங்கள். மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடிக்கும். வெட்டி ஒரு பழைய டப்பாவில் நட்டால் தைக்குப் பரிசு தயார்.

இடம் உள்ளவருக்கு விதை. அவரை, பீர்க்கு, சுரை விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துச் சிறு துணியில் முடியுங்கள். எந்தப் பட்டத்தில் ஊன்ற வேண்டும் என்று எழுதுங்கள். அது இல்லாவிட்டால் விதை அலமாரியிலேயே கிடக்கும்.

9. கையெழுத்தை மறக்காதீர்கள்

ஒரு காலத்தில் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வராத வீடு இல்லை. அவற்றில் பெரும்பகுதி நம் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சானவை. இப்போது செல்போனில் நூறு பேருக்கு ஒரே படத்தைத் தள்ளிவிடுகிறோம். அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் கெட்டித்தாள் துண்டுகளை வாங்கி, நாலு வரி உங்கள் கையால் எழுதுங்கள். அந்த வீட்டில் அந்த ஆண்டு நடந்த ஒரு நல்ல காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘இனிய நல்வாழ்த்துகள்’ என்பது யாருக்கும் பொருந்தும். அதனால் யாருக்கும் ஒட்டாது.

10. தேதி எழுதி அனுப்புங்கள்

செய்த நாளையும், எத்தனை நாள் இருக்கும் என்பதையும் ஒவ்வொரு பண்டத்திலும் எழுதுங்கள். உருண்டை பத்து நாளுக்குள் தீர வேண்டும். நன்றாகக் காய்ந்த வத்தல் அடுத்த கோடைவரை இருக்கும். பஸ் பார்சலில் போவது வத்தல், பொடி, தானியமாக இருக்கட்டும். உருண்டையை ஆள் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியோடு சேர்த்துக் கட்டுகிற தைரியம் யாருக்கும் வேண்டாம்.

11. சீர் வேறு, பரிசு வேறு

கல்யாணமான முதல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகிற சீர் ஒரு முறைமை. அதில் பானை, அரிசி, கரும்பு, மஞ்சள் என்று வரிசை உண்டு. அதைக் குறைத்துவிட்டு ‘நாங்களே செய்த சுக்குப் பொடி’ என்று நீட்டினால் உங்கள் தங்கைதான் பேச்சு வாங்குவாள். சீரைச் சுருக்க வேண்டுமானால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிச் சுருக்குங்கள். வீட்டுப் பண்டம் அதற்கு மேலே வைப்பது.

மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது ‘ஏதோ எங்களால் முடிஞ்சது’ என்று இழுக்காதீர்கள். நீங்களே சின்னதாகச் சொன்னால் வாங்குகிறவர் அதைப் பெரிதாக நினைக்க வழி இல்லை. என்ன பண்டம், எந்த ஊர்ச் சரக்கு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், போதும். பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தால் திருப்பிக் கேட்டுப் பின்னால் அலையாதீர்கள். நம் ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள்; ஏதாவது போட்டுத் தரும்வரை அவர்களுக்கும் நாள் வேண்டும்.

12. கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள்

நல்லா இருக்கு, எப்படிச் செய்தாய் என்று கேட்டால் அளவை மறைக்காதீர்கள். உப்பை ஒரு கல் குறைத்துச் சொல்லும் கைக்காரிகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பண்டம் அவர்களோடு போய்விடும். பங்குனியில் உங்களிடம் கற்றவள் அடுத்த தீபாவளிக்கு மோர் மிளகாயை அவளே போட்டுவிடுவாள். உங்கள் நோட்டில் ஒரு பெயருக்கு நேராக வேறு பண்டம் எழுத வேண்டி வரும். அவ்வளவுதான் நஷ்டம்.